ஜெயசீலி கழற்றிய பச்சை டிக்குகள்

செம்பூர் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடையில் இருக்கும் அந்த மூன்று மாடி நர்சிங் ஹோமுக்கு யார் போன் பண்ணினாலும் முதலில் கேட்கிற குரல் ஜெயசீலியுடையது. இருபத்து நான்கு வருஷமாக அப்படித்தான். மராத்தியில் வணக்கம் சொல்லி ஆரம்பிப்பாள். எதிர்முனை ஒரு வார்த்தை பேசியதும் ஆள் எந்தப் பக்கம் என்று பிடித்துக்கொண்டு ஹிந்திக்கோ தமிழுக்கோ தாவிவிடுவாள். டாக்டர் இல்லையென்றால் இல்லை என்பாள். எப்போது வருவார் என்று தெரியாவிட்டால் தெரியாது என்பாள். லைனில் காத்திருக்கச் சொல்லிவிட்டு மறந்துபோகிற பழக்கம் மட்டும் அவளிடம் கிடையாது.

பிறந்தது தாராவி. அப்பா சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்து தோல் கிடங்கில் வேலை பார்த்தவர். கல்யாணமாகி சுனாபட்டிக்கு வந்தாள். புருஷன் சேசுராஜ் அணுசக்தி நகரில் ஏ.சி. பிளான்ட் டெக்னீஷியன், காலை ஏழு மணி ஸ்டாஃப் பஸ்ஸுக்கு ஓடுகிற மனுஷன். ஒரே மகள் ஜெனி சயானில் காலேஜ் படிக்கிறாள். ஜெனிக்குத் தமிழ் பேச வரும், படிக்க எழுத்துக் கூட்ட வேண்டும்.

ஜெயசீலிக்கு இன்னொரு வேலையும் இருந்தது. சம்பளமில்லாத வேலை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய மெயிலில் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிய ஆரம்பித்தது. மெயில் ஒரு பெரிய கம்பெனியுடையது. உலகத்தில் பாதிப் பேர் வைத்திருக்கிற மெயில்; ஆனால் போன் பண்ணிக் கேட்க ஒரு நம்பர் கிடையாது. கேள்வி இருந்தால் கம்பெனியின் பயனர் மன்றத்தில் எழுதிப் போட வேண்டும். போட்டாள். மறுநாள் முகம் தெரியாத யாரோ ஒருவர் பொறுமையாக நாலு படியில் வழி சொல்லியிருந்தார். எழுத்து சரியாகிவிட்டது. நன்றி சொல்லப் போனவள், கீழே பதிலில்லாமல் கிடந்த இன்னொருவரின் கேள்வியைப் பார்த்தாள். அதற்கு அவளுக்குப் பதில் தெரியும். மணி அடிக்கிற போனை எடுக்காமல் இருக்கவா அவளால் முடியும்? எழுதினாள்.

அப்படியே ஒட்டிக்கொண்டது. மன்றத்தில் அவள் பெயர் டயல்-9. நர்சிங் ஹோமில் எந்த அறையிலிருந்தும் ஒன்பதை அழுத்தினால் அவளுக்கு வரும். அதனால் வைத்துக்கொண்ட பெயர். இரண்டு அழைப்புக்கு நடுவில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, ரயிலில் நின்றுகொண்டு என்று தமிழிலும் ஹிந்தியிலும் பதில் எழுதித் தள்ளினாள். ஐந்தாம் வருஷம் கம்பெனி அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வைரச் சின்னம் வைத்தது. ஒரு டீ ஷர்ட் வந்தது. அது அவளுக்குத் தொளதொளவென்று இருக்க, சேசுராஜ் அதைப் போட்டுக்கொண்டு ஜன்னல் கம்பிக்குப் பெயின்ட் அடித்தார். வைரக்காரர்களுக்கு இரண்டு அதிகாரம் உண்டு. ஒரு பதிலுக்குப் பக்கத்தில் ‘தீர்ந்தது’ என்று பச்சை டிக் போடலாம். ஒரு பேச்சை மேற்கொண்டு யாரும் எழுத முடியாதபடி பூட்டலாம்.

“ஓசியில அவங்களுக்கு வேலை பாக்குற, மம்மி” என்பாள் ஜெனி. “அவங்க சர்வீஸ் சென்டர் வைக்காம மிச்சம் புடிக்கிறாங்க. நீ அவங்களுக்கு டிக் போட்டுக் குடுக்குற.”

“எவனோ ஒருத்தன் எனக்குச் சொன்னான்லா. அதைத்தான் நான் அடுத்தவனுக்குச் சொல்லுதேன்” என்பாள் ஜெயசீலி. அந்தப் பதில் அவளுக்குப் பல வருஷம் போதுமானதாக இருந்தது.

மன்றத்தில் அதிகமாக வந்த கேள்வி ஒன்றுதான். கணக்கு பூட்டிக்கொண்டது, பாஸ்வேர்ட் மறந்துவிட்டது, குறியீடு பழைய போன் நம்பருக்குப் போகிறது, அந்த நம்பர் இப்போது என்னிடம் இல்லை. இதற்குக் கம்பெனி ஒரு ரெடிமேட் பதில் கொடுத்திருந்தது. ஜெயசீலி அதைத் தமிழாக்கி வைத்திருந்தாள்: ‘தங்கள் பதிவு எண்ணுக்கு வரும் குறியீட்டை உள்ளிடவும். எண் தங்கள் வசம் இல்லையெனில் புதிய கணக்கைத் தொடங்கவும்.’ ஒட்டுவாள், டிக் போடுவாள், அடுத்ததற்குப் போவாள்.

போன ஆகஸ்டில் ஒரு மத்தியானம், மழை விட்டிருந்த நேரம், ஒருவர் வரவேற்பு மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். நாற்பது வயது இருக்கும். பெயர் இசக்கிப்பாண்டி. தாராவியில் தோல் பை தைக்கிற சின்னப் பட்டறை வைத்திருப்பவர். மச்சானுக்கு ஹெர்னியா ஆபரேஷன், மேலே இரண்டாம் மாடியில் படுத்திருந்தான். தமிழில் போன் பேசுகிற குரலைக் கேட்டுத்தான் மேஜைப் பக்கம் வந்திருக்கிறார்.

“எக்கா, ஒரு உதவி. இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க. நானும் பத்து தடவ படிச்சிட்டேன். எனக்குத்தான் மண்டையில ஏறலையா, எழுதுன பயலுக்கே ஒண்ணும் தெரியாதான்னு விளங்கல.”

போனை நீட்டினார். ஜெயசீலி பார்த்தாள். மேலே அவருடைய கேள்வி. எட்டு மாதம் ஊரில் கால் முறிந்து கிடந்தது, அங்கே சிக்னல் எடுக்காததால் வேறு சிம் போட்டது, மும்பை நம்பர் செத்துப்போய் வேறு யாருக்கோ போனது, பழைய போன் பஸ்ஸில் தொலைந்தது என்று எல்லாம் விவரமாக எழுதியிருந்தார். அந்தக் கணக்கில் அறுநூற்றுச் சொச்சம் பைகளின் வெட்டு அளவுப் படங்கள் இருக்கின்றன, பதினாலு வருஷத்து உழைப்பு என்றும் எழுதியிருந்தார். கீழே இரண்டு வரிப் பதில். பக்கத்தில் பச்சை டிக்.

“தண்ணி வரலன்னு சொல்லப் போனவன்கிட்ட குழாயத் திறந்து பாருன்னு சொல்லுத மாதிரி இருக்கா இல்லியா?” என்றார் இசக்கிப்பாண்டி. “நம்பர் இல்லன்னுதானே கேக்கேன். அந்த நம்பர்ல வாங்குங்கான். அதுக்கு மேல தீந்துட்டுன்னு டிக் வேற. யாருக்குத் தீந்துச்சு? டயல்-9ன்னு ஒரு பய. மூஞ்சியப் பாத்தா நாலு கேள்வி கேப்பேன்.”

ஜெயசீலிக்குக் காது சூடேறியது. அவள் பேசாமல் போனைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். அவருக்குத் தெரிய வழியே இல்லை.

“கேளுங்க” என்றாள். “அந்தப் பய நான்தான்.”

இசக்கிப்பாண்டி அவளையே பார்த்தார். “நீங்களா எழுதுனிய?” என்று மட்டும் கேட்டார். கோபத்தைவிட அந்தக் குரலில் இருந்த ஏமாற்றம்தான் அவளைச் சுட்டது.

“உங்க பழைய நம்பரைச் சொல்லுங்க” என்றாள்.

டெலிபோன் போர்டில் வெளி லைன் எடுத்து, அவர் சொல்லச் சொல்ல அழுத்தினாள். இத்தனை வருஷமும் இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று நினைத்துக்கொண்டே அழுத்தினாள். மூன்றாவது மணியில் ஒரு இளைஞன் எடுத்தான். பெயர் ராஹில். கோவண்டியில் மர பர்னிச்சருக்குப் பாலிஷ் போடுகிறவன். அவள் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் ஹிந்தியில் பொரிந்து தள்ளினான்.

“அப்போ அந்தப் பைக்காரர் இவர்தானா? இந்த நம்பர் வாங்கின நாள்லேர்ந்து ஆளாளுக்கு போன் பண்ணி பை எங்கே, பை எங்கேன்னு உயிரை எடுக்கிறாங்க! குவைத்லேர்ந்து ஒருத்தர் பண்டிகைக்குப் பண்டிகை வாழ்த்து அனுப்புறார்.”

“அவர்தான் தம்பி. இப்போ உன் போனுக்கு ஒரு குறியீடு வரும். அதை மட்டும் சொன்னா போதும்.”

“ஓ.டி.பி.யா? அதைச் சொல்ல மாட்டேன் தீதி. என் தங்கச்சி புருஷன் இப்படித்தான் சொல்லி மாட்டிக்கிட்டான். நீங்க யாரோ, எனக்கு எப்படித் தெரியும்?”

அவன் சொன்னது நியாயம். யாருக்கும் குறியீட்டைச் சொல்லாதே என்று மன்றத்தில் நூறு தடவை எழுதியவளே அவள்தான்.

“நேர்ல வந்தா?” என்று கேட்டாள்.

“வாங்க. மூஞ்சியப் பாத்துட்டு முடிவு பண்றேன்.”

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசை முடிந்த கையோடு ஜெயசீலி கோவண்டிக்குப் போனாள். இசக்கிப்பாண்டி ஆதார் அட்டை, பட்டறை போர்டின் போட்டோ, பழைய பில் எல்லாம் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனில் காத்திருந்தார். ராஹில் வார்னிஷ் வாசம் அடிக்கிற கையோடு கடை வாசலுக்கு வந்தான். காகிதம் எதையும் அவன் வாங்கிப் பார்க்கவில்லை.

“குவைத்காரர் பேர் என்ன?” என்றான்.

“ஜஹாங்கீர் பாய்” என்றார் இசக்கிப்பாண்டி. “எது எழுதுனாலும் கடைசியில மூணு ரோஜாப்பூ வைப்பாரு.”

ராஹில் சிரித்துவிட்டான். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். குறியீடு வந்தது, தன் போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டினான். கணக்கு திறந்தது. இசக்கிப்பாண்டி படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். லேடீஸ் பை, லேப்டாப் பை, ஒரு டாக்டர் பெட்டி. ஓரிடத்தில் நின்று, “இந்தக் கைப்பிடிய வெட்டப் படிக்கதுக்கே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு எக்கா” என்றார். மூவரும் டீ குடித்தார்கள். ராஹில் அந்த நம்பரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடச் சொன்னான், எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஜெயசீலி மன்றத்தைத் திறந்தாள். இசக்கிப்பாண்டியின் கேள்விக்குக் கீழே இருந்த டிக்கை எடுத்தாள். நடந்ததைப் பெயர் சொல்லாமல் தமிழிலும் ஹிந்தியிலும் முழுசாக எழுதினாள். கடைசியில் இப்படி முடித்தாள்: ‘மும்பையில் ரீசார்ஜ் போடாத நம்பர் கொஞ்ச மாதத்தில் அடுத்தவர் கைக்குப் போய்விடும். ஊருக்குப் போய்விட்டு வந்த கூலிக்காரன், ஆஸ்பத்திரியில் கிடந்தவன், யாருக்கும் இது நடக்கும். கம்பெனிக்கு இது தெரியும். ஒரு மனுஷர் ஐந்து நிமிஷம் பேசினால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். கோவண்டியில் ஒரு பாலிஷ்காரருக்கு ஒரே கேள்வியில் தெரிந்தது. அந்த ஒரு மனுஷரை வைக்கக் கம்பெனிக்கு என்ன கஷ்டம்?’

மூன்று நாளில் ஆயிரத்து நானூறு பதில். தமிழ், ஹிந்தி, ஆங்கிலம், நடுநடுவே பெங்காலி. பாதிப் பேர் தங்கள் கதையைக் கொட்டினார்கள். மீதிப் பேர் சண்டைக்கு வந்தார்கள். ஓசியில் கொடுக்கிற சேவைக்கு இவ்வளவு பேச்சா என்றார் ஒருவர். ஓசி இல்லை, நம்மைப் பற்றிய விவரத்தை விற்றுத்தானே தின்கிறார்கள் என்றார் இன்னொருவர்.

எல்லோரிலும் கெட்டியாக வாதாடியவர் கேஷவ். புனேயில் இன்ஜினீயர், அவரும் வைரச் சின்னக்காரர். ஆறேழு வருஷமாக ஜெயசீலிக்கு எழுத்தில் பழக்கம். ‘நீங்கள் திருடனுக்குப் பாதை போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள்’ என்று எழுதினார். ‘நாளைக்கு ஒருவன் கண்ணீரோடு போன் பண்ணி, இது என் பழைய நம்பர், குறியீட்டைச் சொல்லுங்கள் என்பான். உங்கள் பதிவையே சாட்சிக்குக் காட்டுவான்.’

ஜெயசீலி அதை இரண்டு முறை படித்தாள். ஆள் சொல்வது சரி. உடனே தன் பதிவில் தடித்த எழுத்தில் சேர்த்தாள்: போனில் குறியீட்டைக் கேட்காதீர்கள், யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். பிறகு கேஷவுக்கு எழுதினாள்: ‘என் வழியில் ஓட்டை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஓட்டையில்லாத வழி ஒன்று நீங்கள் சொல்லுங்கள், இதை நானே அழித்துவிடுகிறேன். புதிய கணக்கு தொடங்கு என்பது வழியில்லை. வீடு பூட்டிக்கொண்டது என்று வந்தவனிடம் வேறு வீடு கட்டிக்கொள் என்பது அது.’

நாலாம் நாள், புதன்கிழமை காலை, அவள் டியூட்டியில் இருக்கும்போது கைபேசி அடித்தது. ஷாலினி என்று ஒரு பெண், கம்பெனியின் பயனர் மன்றத்தைப் பார்த்துக்கொள்கிறவள், பெங்களூரிலிருந்து. பதினோரு வருஷத்தில் கம்பெனியிலிருந்து வந்த முதல் போன் அதுதான்.

“ஜெயசீலி மேம், உங்க கான்ட்ரிபியூஷன் மேல எங்களுக்கு ரொம்ப மரியாதை. ஆனா அந்த த்ரெட் கொஞ்சம் கை மீறிப் போயிடுச்சு. நீங்களே தீர்ந்ததுன்னு மார்க் பண்ணி லாக் பண்ணிட்டா நல்லாயிருக்கும்.”

“தீரலையே ஷாலினி.”

“அந்த யூசருக்கு கணக்கு கிடைச்சிடுச்சே, மேம்.”

“அது கோவண்டிக்காரன் தீத்து வச்சது. நீங்க என்ன தீத்தீங்க?”

ஷாலினியின் குரல் கெட்ட குரல் இல்லை. சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிற குரல். “அடுத்த மாசம் வைர மெம்பர்களுக்கு சிங்கப்பூர்ல ஒரு மீட் இருக்கு. உங்க பேரும் லிஸ்ட்ல இருக்கு. இந்த நேரத்துல இது வேண்டாமேன்னு...”

“அம்மா, ஒரு நிமிஷம்” என்று சொல்லி, அடித்த ஆஸ்பத்திரி போனை எடுத்து ஒரு கர்ப்பிணிக்கு டாக்டர் நேரம் சொல்லிவிட்டுத் திரும்பினாள். “நான் இருபத்து நாலு வருஷமா போன் எடுக்கேன். அந்தப் பக்கம் ஆள் பேசிக்கிட்டிருக்கும்போது நான் வச்சதில்ல. ஆயிரத்து நானூறு பேர் பேசிக்கிட்டிருக்காங்க. நான் பூட்ட மாட்டேன். பூட்டணும்னா நீங்க பூட்டுங்க, உங்க பேர்ல பூட்டுங்க.”

“அப்போ பாலிசிப்படி உங்க பிரிவிலேஜை எடுக்க வேண்டி வரும், மேம்.”

“எப்போ?”

ஷாலினி ஏன் உண்மையைச் சொன்னாளோ தெரியாது. “நாளைக்கு, வியாழக்கிழமை மத்தியானம் ரிவ்யூ” என்றாள்.

வியாழக்கிழமை ஜெயசீலி லீவு போட்டாள். சேசுராஜை பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு, கறுப்பு டீயோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பதினோரு வருஷத்தில் பூட்டிக்கொண்ட கணக்குகளைப் பற்றி அவள் டிக் போட்ட பதில்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றாகத் திறந்தாள். கேட்டவர் திரும்பி வந்து ‘சரியாகிவிட்டது’ என்று எழுதியிருக்கிறாரா என்று பார்த்தாள். ஒன்றில்கூட இல்லை. டிக்கைக் கழற்றினாள். கீழே எழுதினாள்: ‘இது தீரவில்லை. தீர்ந்ததாகக் குறி போட்டது நான். தப்பு.’ அடுத்தது. அடுத்தது.

காலேஜுக்குக் கிளம்பிய ஜெனி செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “நீ படி, நான் க்ளிக் பண்றேன்” என்றாள். வேகம் கூடியது.

பழைய ஆட்களின் போனில் எல்லாம் அறிவிப்பு போய் விழுந்திருக்க வேண்டும். பதில் வர ஆரம்பித்தது. மாட்டுங்காவிலிருந்து அகிலாண்டம் என்ற பெண் எழுதியிருந்தாள்: ‘ஆறு வருஷம் முன்னாடி கேட்டது. என்மேலதான் தப்புன்னு நினைச்சிண்டிருந்தேன். இப்பவாவது சொன்னேளே.’ ஜெயசீலி அதைச் சத்தமாகப் படித்தாள். “அடுத்தது போ” என்றாள் ஜெனியிடம்.

நூற்று எண்பத்தேழாவதை முடித்ததும் திரை நின்றது. அவளுடைய கணக்கு மன்றத்திலிருந்து நீக்கப்பட்டது என்று ஒரு வரி. வைரம் போயிருந்தது, டயல்-9 என்ற பெயரும் போயிருந்தது. ஆயிரத்து நானூறு பதிலிருந்த பேச்சு பூட்டிக் கிடந்தது; பூட்டியது யார் என்று அதில் பெயர் இல்லை.

ஜெனி வாய்விட்டு ஒரு ஹிந்தி வசவு சொன்னாள். ஜெயசீலி அவளை அதட்டவில்லை.

“அழறியா மம்மி?”

“ஏட்டி, நான் எதுக்கு அழணும்? இன்னும் இருபத்தஞ்சு பாக்கி இருக்கு. அதுதான் எரிச்சலா இருக்கு.”

அன்று சாயங்காலம் அவளுடைய சொந்த மெயிலுக்கு கேஷவ் எழுதியிருந்தார். ‘உங்கள் வழி தப்பு என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனால் என் டிக்குகளைப் போய்ப் பார்த்தேன். முப்பத்தொன்று பொய். எடுத்துவிட்டேன். இன்னும் ஒன்பது பேர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்களுக்கு இன்னும் பாக்கி இருந்தால் பட்டியல் அனுப்புங்கள். டிக்கை எங்களால் எடுக்க முடியாது, கீழே எழுத முடியும்.’ பட்டியல் இருந்தது. அனுப்பினாள்.

கம்பெனி மாறவில்லை. விதி அப்படியே இருக்கிறது. பதினோரு பேரின் வைரம் போனது, அதில் கேஷவுடையதும் ஒன்று.

ஜெயசீலி நிறுத்தவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு கேள்விகளையும், கேட்டவர்களின் பெயரை மறைத்து, இசக்கிப்பாண்டியின் பட்டறைக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்தாள். அவர் தோல் துண்டு ஒன்றை மடித்து அதற்கு ஒரு உறை தைத்துக் கொடுத்தார், வேண்டாமென்று சொல்லியும் கேட்கவில்லை. கம்பெனியின் இந்திய ஆபீஸ் விலாசத்துக்கு, தமிழில் இரண்டு பக்கக் கடிதத்தோடு, செம்பூர் தபால் ஆபீஸில் ஸ்பீட் போஸ்ட் செய்தாள்.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. ஆங்கிலத்தில் மூன்று வரி, கையெழுத்து இல்லை. எங்களைத் தொடர்புகொண்டதற்கு நன்றி. இதுபோன்ற கேள்விகளைத் தயவுசெய்து எங்கள் பயனர் மன்றத்தில் பதிவு செய்யவும்.

சேசுராஜ் அதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். ஜெயசீலியும் சிரித்தாள். பிறகு பேனாவை எடுத்து, அந்தக் கடிதத்தின் அடியிலேயே தமிழில் எழுதினாள்: ‘மன்றத்திலிருந்து என்னை நீங்கள்தான் வெளியே தள்ளினீர்கள். அதனால் பதில் இந்த விலாசத்துக்கே வர வேண்டும். எழுதுகிறவர் தன் பெயரைப் போட வேண்டும்.’ தன் முழுப் பெயரையும் சுனாபட்டி விலாசத்தையும் பெரிய எழுத்தில் எழுதி, உறையை ஒட்டி, மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் போஸ்ட் பண்ணினாள்.